காணாமல் போன அட்டை

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்காக அக்கா ரெஜினா எழுதி வைத்த நீல அட்டைகள், அவள் இறந்த பிறகு எனக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் தர்க்கப் பாடத்தின் ஆங்கிலச் சொல் ஒன்று இருக்கும். பின்பக்கம் அவள் கையெழுத்தில் அதன் பொருள். சாயங்காலமானால் அம்மா ஒவ்வொன்றாகக் காட்டுவாள், நான் பொருள் சொல்வேன். நான் தேர்வில் தேறிய பிறகும் அவள் நிறுத்தவில்லை. கல்லூரிக்கு ரயில் ஏற வேண்டிய அன்றும் அட்டைகளோடு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏட்டி, இந்த அசம்ப்ஷன் அட்டையக் காணல."

"அது எனக்கு மனப்பாடம்மா. வாதத்துல வாய்விட்டுச் சொல்லாதது, ஆனா அத உருவிட்டா வாதமே விழுந்துரும். போதுமா? ஆட்டோ வந்துட்டு."

"நிக்கட்டும். அவ எழுதுனதுல ஒண்ணு கொறஞ்சா நீ எப்படிப் போவ?"

"ரயிலு போயிரும்மா."

"நாளைக்கும்தான் ரயில் ஓடும்."

அம்மா கட்டிலுக்கடியில் குனிந்தாள். அவள் இடுப்புச் சொருகலில் அட்டையின் நீல முனை தெரிந்தது. வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் மண்டியிட்டுத் தேடத் தொடங்கினேன்.