ஏணிக் கணக்கு

வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்கும் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் கணக்கு போட்டுக் கொடுப்பது செண்பகவல்லியின் வேலை. அன்று காலை, பத்தாம் வகுப்பு படிக்கும் ரோகிணி ஒரு முக்கோணம் வரைந்து அனுப்பியிருந்தாள். மதில் பன்னிரண்டு அடி, அதில் சாய்த்த ஏணி பதினோரடி.

"கேள்வி தப்பு. சுவர் உச்சியத் தொடணும்னா சாய்ச்சு வச்ச ஏணி சுவரைவிட நீளமா இருக்கணும். புத்தகத்துல பதிமூணுன்னு இருக்கும், பாரு."

"புத்தகத்துல இல்ல மிஸ். எங்க வீட்டு ஏணி பதினோரடிதான்."

செண்பகவல்லிக்குப் புரியவில்லை. "எதுக்கும்மா ஏறப்போற?"

"வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணமாம். வெளிய விட மாட்டேங்கிறாங்க. இது அத்தை போன். கணக்குன்னா மட்டும்தான் தருவாங்க, அப்புறம் வாங்கிப் பாப்பாங்க."

படித்து முடிப்பதற்குள் அந்தச் செய்தி அழிக்கப்பட்டுவிட்டது.

செண்பகவல்லி எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதுவதைப் போலவே எழுதினாள்: "ஏணிக் கணக்கு வேண்டாம். தூரக் கணக்கு ஒண்ணு நீயே எழுதி அனுப்பு. அதுல ஊர், வழி எல்லாம் வரணும்."

இருபது நிமிடம் எதுவும் வரவில்லை. அதன்பின் ஒரு படம் வந்தது. கோடு போட்ட தாளில், குண்டு குண்டான எழுத்து.

'செங்காட்டுப்பாளையம் தபால் நிலையத்திலிருந்து வடக்கே 40 மீட்டர், அங்கிருந்து கிழக்கே 30 மீட்டர் நடந்தால் நீல கேட் போட்ட வீடு வரும். நேர்கோட்டில் தூரம் என்ன?'

"ஐம்பது. கேள்வி சரியா இருக்கு," என்று அனுப்பிவிட்டு, செண்பகவல்லி குழந்தைகள் உதவி எண்ணை அழுத்தினாள்.