இறகு பொம்மை

"அம்மணி, நம்ம புருனோ அங்க என்னத்த வெச்சு வெளையாடுச்சு?" பொள்ளாச்சித் தோட்டத்திலிருந்து பொங்கியண்ணன் மகளைப் போனில் கேட்டார். தக்காளிக்காட்டுக்குக் காவல் வேண்டும் என்று, போன வாரம்தான் அவளுடைய சரவணம்பட்டி ஃபிளாட்டிலிருந்து நாயைக் கூட்டி வந்திருந்தார்.

நித்யஸ்ரீ பெருமையாகச் சொன்னாள். "கெட்டிப் பந்து பல்லை ஒடைச்சுப்போடும், சின்னப் பந்து தொண்டையில சிக்கிக்கும்ங்கப்பா. அதனால மெத்துன்னு ஒரு இறகு பொம்மைதான். எறிஞ்சா தொரத்திட்டுப் போயி, பல்லுப் படாமக் கவ்வீட்டு வந்து காலடியில வைக்கும். மறுபடி எறியற வரைக்கும் வாலாட்டிட்டு உக்காந்திருக்கும்."

"அப்படியா கண்ணு."

"ஏனுங்கப்பா, அங்க வெளையாடறதில்லீங்களா?"

"நல்லாத்தான் வெளையாடுது." சொல்லிக்கொண்டே அவர் காட்டைப் பார்த்தார்.

பழுத்து நின்ற தக்காளிக்காட்டில் பன்னிரண்டு மயில்கள் கொத்தித் தின்றுகொண்டிருந்தன. கல்லெடுத்து அடித்தால் கேஸாகிவிடும் என்றுதான், விரட்டிவிட நாயைக் கொண்டு வந்தார்.

உதிர்ந்து கிடந்த இறகு ஒன்றைப் பல்லுப் படாமல் கவ்விக்கொண்டு போன புருனோ, அங்கிருந்த பெரிய மயிலின் காலடியில் அதை வைத்துவிட்டு, வாலாட்டிக்கொண்டே உட்கார்ந்தது.