நாற்காலியின் கைகள்

பெரியவர் தணிகாசலத்தின் சுகர் மெஷினுக்குத் தலைகால் புரியவில்லை. "நூத்திப்பத்து! எனக்குப் பயந்துதானே மனுஷன் சாப்பாட்டையே பாதியாக் குறைச்சார்?"

"அதான் தொடையெல்லாம் வத்திப்போய், என் கையைப் பிடிச்சுத் தொங்கித்தான் எழுந்திருக்கிறார்," என்றது நாற்காலி.

மறுநாள் எழும்போது அவருக்குக் கால் மடங்கியது. நாற்காலிதான் தாங்கிப் பிடித்தது.

"சர்க்கரை குறைஞ்சா போதுமா, நிக்க வேண்டாமா?" என்று பதறிய மனைவி, தட்டில் முட்டையும் சுண்டலும் சேர்த்தாள். தொடைக்கு வலு வர, தினமும் அவரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து எழ வைத்தாள்.

மாதங்கள் போயின.

"இப்பவும் அதே நூத்திப்பத்து!" என்று மெஷின் குதித்தது. "உன் கையைத்தான் இப்ப யாரும் தொடுறதே இல்லை."

நாற்காலி தூசி படிந்த இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டியது.

"ஆமா. நல்லாப் பாத்துக்கோ!"