பூஜ்யத்தில் நின்ற முள்

ஃப்ளோரா, லியோனார்டுக்குத் தர வேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். புருஷன் மேத்யூ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாங்கியது. மேத்யூ போய்ச் சேர்ந்துவிட்டான். கடன் போகவில்லை. எர்ணாவூர் வீட்டின் பத்திரம் லியோனார்டின் இரும்பு பீரோவில் இருந்தது. மாசக் கடைசிக்குள் பணம் வராவிட்டால் வீடு அவருக்கு.

லியோனார்டுக்கு ராயபுரத்தில் மீட்டர் ரிப்பேர் கடை. லாரி மீட்டர், விசைப்படகு மீட்டர், பழைய கார் மீட்டர் எல்லாம் பார்ப்பார், வாங்குவார், விற்பார். மேத்யூ படுக்கையில் விழும்வரை அங்கேதான் வேலை பார்த்தான்.

அன்று காலை ஃப்ளோரா ஒரு துணி மூட்டையோடு கடைக்கு வந்தாள். துணைக்குப் பக்கத்து வீட்டு பூமாரி. காசிமேட்டில் மீன் விற்பவள்.

மூட்டையைப் பிரித்ததும் ஒரு டாக்கோமீட்டர் வெளியே வந்தது. என்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் வட்ட மீட்டர். கறுப்பு டயல், வெள்ளை எழுத்து, பளபளவென்று நிக்கல் வளையம். வெள்ளைக்காரன் நாட்டு ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது.

லியோனார்ட் கொட்டாவி விட்டார். ஒரு பொருள் ரொம்பப் பிடித்துப்போனால் அவர் கொட்டாவி விடுவார். மேத்யூ கடையில் இருந்த நாளிலிருந்தே அடையாறில் பழைய கார் சேர்க்கிற பணக்காரர் ஒருவர் இதே மீட்டரைத்தான் தேடிக்கொண்டிருந்தார். ஓடினால் ஒன்றரை லட்சம், ஓடாவிட்டால் வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

"இது ஏது?"

"அவரு வெச்சினு இருந்தாருண்ணே. பரண் மேல கெடந்துச்சு. இத்த வாங்கிகினு பத்திரத்தக் குடுத்துடு."

"ஓடுதான்னு பாக்கணுமில்ல? ஓடாத மீட்டரு எடைக்குத்தான் போவும்."

"நல்லாவே பாத்துக்கோ," என்றாள் பூமாரி. "அப்பால அது நொட்டை இது சொத்தைன்னு வூட்டாண்ட வந்து நிக்காத."

லியோனார்ட் மீட்டரைப் பட்டறை மேசையில் வைத்து, கவ்வியில் இறுக்கினார். இந்த மாதிரிப் பழைய மீட்டரின் முதுகில் கேபிள் மாட்ட ஒரு துளை இருக்கும். அதற்குள் இருக்கும் தண்டை டிரில் மிஷினால் சுற்றினால் முன்னால் முள் ஏறும். ஒரு பக்கமாகச் சுற்றினால்தான் ஏறும். மாற்றிச் சுற்றினால் எவ்வளவு நல்ல மீட்டராக இருந்தாலும் முள் பூஜ்யத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்.

லியோனார்டின் கட்டைவிரல் டிரில்லில் இருந்த சின்ன சுவிட்சைத் தொட்டது. வலது பக்கம் இருந்த சுவிட்ச் இடது பக்கம் போனது.

டிரில் கத்தியது. தண்டு வழுக்கிக்கொண்டு சுற்றியது. மீட்டரின் உள்பக்கம் பழுதில்லை என்று லியோனார்டின் கைக்குத் தெரிந்தது. முள் பூஜ்யத்தில் நின்றது.

"பாத்துக்க. செத்துப்போச்சு."

"இன்னொரு தபா பாருண்ணே. நல்லா ஓடும்னு அவரு சொல்லிகினே இருப்பாரு."

இன்னொரு தடவையும் டிரில் கத்தியது. முள் அசையவில்லை. ஃப்ளோரா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இதுக்கு மேல சுத்துனா டிரில்லு பூடும்மா."

அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டால் ஒன்றரை லட்சமும் போய்விடும் என்று லியோனார்ட் கணக்குப் போட்டார். பிறகு பீரோவைத் திறந்தார்.

"மேத்யூ எனக்குத் தம்பி மாதிரி. போனா போவுது. செத்த மீட்டரையே எடுத்துக்கறேன். இந்தா பத்திரம். கடன் தீந்துச்சு."

ஃப்ளோரா இரண்டு கையாலும் பத்திரத்தை வாங்கினாள். பூமாரி மட்டும் நகரவில்லை.

"செத்ததுன்னு தெரிஞ்சேதான் வாங்கிக்கிற?"

"தெரிஞ்சேதான்."

"அப்ப மீட்டரு மேல கைய வச்சி சொல்லு நைனா. எங்க ஏலத்துல கூடை மேல கைய வச்சிட்டா அவ்ளோதான். மீனு நாறினாலும் திருப்பி வாங்க மாட்டோம்."

லியோனார்ட் சிரித்துக்கொண்டே கையை வைத்தார். சொன்னார். பெண்கள் இருவரும் ஷேர் ஆட்டோ பிடிக்கப் போனார்கள். மீட்டர் சுற்றி வந்த பழைய துணியைக்கூட ஃப்ளோரா மடித்து எடுத்துக்கொண்டு போனாள். லியோனார்டுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அடையாறுக்கு போன் போட்டார்.

"கெடச்சிடுச்சு சார்."

"முள் ஓடறதை வீடியோ எடுத்து அனுப்புங்க. பணத்தோட கிளம்பி வரேன்."

லியோனார்ட் போனை எதிரே சாய்த்து வைத்தார். டிரில் சுவிட்சை வலது பக்கம் தள்ளினார். அழுத்தினார்.

முள் பூஜ்யத்தில் நின்றது.

கவ்வியை இறுக்கி மறுபடி அழுத்தினார். வேகத்தைக் கூட்டினார். போனில் ஓடாத முள் தெளிவாகப் பதிவாகிக்கொண்டிருந்தது.

மீட்டரின் முதுகைக் கழற்றினார். தண்டு மட்டும் நன்றாக எண்ணெய் போட்டு இருந்தது. முள்ளை ஏற்றுகிற காந்தம் இல்லை, சுருள் இல்லை. மற்ற இடமெல்லாம் எடைக்காக மெழுகு உருக்கி ஊற்றியிருந்தது. மாதா கோயிலில் ஏற்றுகிற வெள்ளை மெழுகுவர்த்தி. ஓரத்தில் கொஞ்சம் திரிகூடத் தெரிந்தது.

ஃப்ளோராவைக் கூப்பிடப் போனை எடுத்தார். மீட்டர் மேல் கை வைத்துச் சொன்னது ஞாபகம் வந்து, திரும்ப வைத்தார்.

ஒரே ஒரு தரம் நேராகச் சுற்றிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ஆனால் லியோனார்ட் அப்படிச் சுற்ற மாட்டார் என்பது, இத்தனை வருஷம் மீட்டர் விற்க வந்தவர்கள் முன்னால் அவருக்காக அந்தச் சுவிட்சை இடது பக்கம் தள்ளிக்கொண்டிருந்த மேத்யூவின் பெண்டாட்டிக்குத் தெரியும்.