சுவரில் சட்டைத் துண்டுகள்

மிச்சிகன் காட்டுக்குள் இருந்த வேட்டைக் குடிலுக்கு விலை மதிப்பிட வந்த லொரெட்டாவுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. சொத்தை விற்கிறவர் யாராவது அதை இப்படித் திட்டுவாரா?

"கூரை ஒழுகுது மேடம். மெத்தைக்குள்ள எலி குடும்பம் நடத்துது," என்றார் குடிலைக் காட்டிக்கொண்டிருந்த வெர்ஜில்.

"வேட்டை நிலத்துக்கு மான்தானே விலை. மான் வருதா?"

"மானா? எங்கப்பா செத்து அஞ்சு வருஷமாச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுகூட எட்டிப் பார்க்கல."

லொரெட்டா சுவரைப் பார்த்தாள். மானைக் குறி தவறிக் கோட்டைவிட்டவரின் சட்டைப் பின்பக்கத்தைக் கத்தரித்து, பெயரும் ஆண்டும் எழுதி ஆணியடிப்பது வேட்டைக்காரர்களின் வழக்கம். சுவர் நிறையத் துண்டுகள்.

"எல்லாத்துலயும் உங்க பேருதான் இருக்கு. போன வருஷத்துது வரைக்கும்."

"அது... மரத்தைச் சுட்டேன்."

"மரம் தப்பிச்சு ஓடிடுச்சாக்கும்?"

வெர்ஜில் தொப்பியைக் கழற்றினார். "விக்கிறது என் தங்கச்சி மேடம், அவ பங்கை. வாங்கப்போறவன் நான். விலை ஏறிச்சுன்னா எனக்குக் கட்டாது. குடில் வேற எவனுக்காவது போயிடும்."

"மான் நிறைய வருதுன்னு நான் எழுதித்தானே ஆகணும்?"

"எழுதுங்க. நான் இங்க இருக்கிற வரைக்கும் அதுங்க உசுருக்கு ஆபத்தில்லைன்னும் சேர்த்து எழுதுங்க."