கருப்பசாமி கேட்ட ஆல்பம்

டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்துக் கருப்பசாமி கோயிலில், அக்கா மகளின் காதுகுத்துக்கு உருமி மேளக்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில், இன்று காலை இணையத்தில் வெளியான தன் ராக் ஆல்பத்தை வேப்பமரத்துக் குழாய் ஸ்பீக்கரில் போட வைத்துவிட்டு, நகத்தைக் கடித்தபடி நிற்கிறான் சூர்யபிரகாஷ். மூன்று வருஷம் ஸ்டுடியோவே கதியென்று கிடந்து செய்தது. குடும்பத்தில் ஒருத்தரும் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டதில்லை. கிட்டார் அலறுகிறது, டிரம்ஸ் இடிக்கிறது, கட்டிப்போட்ட கிடா காதை ஆட்டுகிறது. "கோயில்ல போடுற பாட்டாடா இது? தங்கப்பாண்டி, சத்தத்தைக் குறைப்பா" என்கிறார் அப்பா கண்ணுச்சாமி. ரேடியோ செட் தங்கப்பாண்டி கையை நீட்டுவதற்குள், பூக்கட்டிக்கொண்டிருந்த மலையம்மாள் அத்தையின் தோள் குலுங்குகிறது. கொண்டை அவிழ்கிறது. உருமிக்கு மட்டுமே இறங்கும் சாமி, டிரம்ஸுக்கு ஒரு அடி பிசகாமல் ஆடுகிறது. யாரோ அவள் கையில் வேப்பிலையைத் திணிக்கிறார்கள். பதற்றத்தில் தங்கப்பாண்டி குமிழைத் திருகிவிட, சத்தம் அடங்குகிறது, ஆட்டமும் நிற்கிறது. "என்ன குறை சாமி?" என்று பூசாரி குனிகிறார். அத்தை நாக்கைத் துருத்திக்கொண்டு ஸ்பீக்கரையே முறைக்கிறாள். "எவண்டா சத்தத்தைக் குறைக்கச் சொன்னது?" கண்ணுச்சாமி அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். "தங்கப்பாண்டி, இருக்குற அம்புட்டு சத்தத்தையும் கூட்டி வைப்பா."