யார் கொடுத்த அனுமதி?

“எல்லார் போனையும் இன்னைக்குச் சோதனை போடப் போறேன். ஒவ்வொருத்தியா என் ரூமுக்கு வாங்க. விரலை வெச்சுத் திறந்து கொடுத்துட்டு, வேலையைப் பார்க்கப் போயிடணும்.”

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது சூப்பர்வைசரின் குரல். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவளைச் ‘சாட்டை’ என்றுதான் சொல்வார்கள்.

“எதுக்கு மேடம் சோதனை?”

“டார்ச் லைட் ஆப்புக்கு எதுக்குடி உங்க போட்டோவும் போன் நம்பரும்? கேட்டதுக்கெல்லாம் ‘அனுமதி’ன்னு அமுக்கி வெச்சிருப்பீங்க. எல்லாத்தையும் எடுத்து விடறேன்.”

போர்வை மடித்துக்கொண்டிருந்தவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

போன வாரம் அவளும் அப்படித்தான் அமுக்கினாள். முகத்தை அழகாக்கிக் காட்டும் ஆப். நேற்று ஒரு படம் வந்தது. முகம் அவளுடையது, துணியில்லாத உடம்பு யாருடையதோ.

‘பணம் அனுப்பு. இல்லையென்றால் நாளை காலை எட்டு மணிக்கு உன் லாண்ட்ரிப் பெண்களுக்குப் போகும். மறுநாள் உன் புருஷனுக்கு.’

கூட வேலை செய்கிறவர்களையெல்லாம் ‘லாண்ட்ரி’ என்று போட்டுச் சேமித்திருந்தாள், தேட வசதியாக. திருடனுக்கும் அது வசதியாகப் போயிற்று.

இப்போது மணி எட்டரை. ஏழு மணிக்கு வேலை தொடங்கினால் சாப்பாட்டு மணி வரை எல்லார் போனும் வாசல் அலமாரியில்தான் இருக்கும். அனுப்பிவிட்டானா, சும்மா மிரட்டினானா? தெரியவில்லை. அனுப்பியிருந்தால், அந்தப் போன்களை முதலில் திறந்து பார்க்கப்போவது சாட்டை. சாட்டை பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி.

முதலில் போய் வந்த இஸ்திரிக்காரி பொரிந்து தள்ளினாள்.

“திரையை எனக்கே காட்டலைடி! திருட்டு ஆப்பைப் பிடிக்கறாளாம். இவளுக்கு யார் கொடுத்தா அனுமதி? வேலியே பயிரை மேயுது!”

“சும்மா விடக்கூடாதுக்கா” என்றாள் போர்வைக்காரி. “மேனேஜர்கிட்ட எழுதிக் கொடுப்போம்.”

எழுதியதும் அவள்தான், முதல் கையெழுத்தும் அவளுடையதுதான். மேனேஜர் ஏதோ மீட்டிங்கில் இருந்ததால் காகிதம் அவர் கைக்குப் போகவே பதினோரு மணி ஆகிவிட்டது. அதற்குள் சாட்டை சோதனையை முடித்துவிட்டாள். என்ன காரணமோ, போர்வைக்காரியை மட்டும் கூப்பிடவில்லை.

மேனேஜர் எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்டார்.

“அடுத்தவங்க போனை நோண்டறதுக்கு உங்களுக்கு என்ன உரிமை? ஏன் செஞ்சீங்க?”

சாட்டை தலைகுனிந்து நின்றாள். அவள் அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை.

“பாதுகாப்புக்குன்னு நினைச்சு செஞ்சுட்டேன் சார். தப்புதான்.”

“நாளையிலிருந்து நீங்க சூப்பர்வைசர் இல்லை. அழுக்குத் துணி பிரிக்கிற பக்கம் போயிடுங்க.”

“சரி சார்.”

இருபது வருஷம் உழைத்து வாங்கிய நாற்காலி. இஸ்திரிக்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். போர்வைக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தைப் பற்றிப் பேச்சே இல்லை; அவன் அனுப்பவில்லை போலிருக்கிறது, தப்பித்தோம் என்று மூச்சுதான் வந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாரும் போனை எடுத்தார்கள். அவளும் எடுத்தாள்.

எட்டு மணிக்கு வந்திருந்தது செய்தி: ‘அனுப்பியாச்சு. எல்லாருக்கும்.’

நிமிர்ந்து பார்க்கவே பயம்.

“என்னடி மரம் மாதிரி நிக்கறே? சாப்பிட வா” என்று இஸ்திரிக்காரி தோளில் தட்டிவிட்டுப் போனாள். மற்றவர்களும் போனைப் பார்த்துக்கொண்டே, சிரித்துப் பேசிக்கொண்டே போனார்கள். ஒருத்திகூட அவளை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை.

கூடம் காலியானதும் சாட்டை பக்கத்தில் வந்து நின்றாள்.

“அந்தப் படம் எனக்கும் வந்துச்சு. பதினேழு போன்லேயும் அழிச்சாச்சு, ஒருத்தியும் பார்க்கலை. போலீஸுக்குக் காட்ட என் போன்ல மட்டும் வெச்சிருக்கேன். பையை எடு, போகலாம். வீட்டுக்காரர்கிட்ட நீயே சொல்லு, நான் கூட நிக்கறேன்.”

அவளுக்கு அழுகை வந்தது.

“மேடம்... அந்தப் புகாரை எழுதினதே நான்தான்.”

“தெரியும். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?”

“மேனேஜர் அத்தனை கேட்டாரே, ஒரு வார்த்தை காரணம் சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னா, எதை அழிச்சேன்னு கேட்பாரேடி. அப்புறம் அழிச்சு என்ன பிரயோஜனம்?”